பச்சைக் கோசும் வயல் எருவும்

(வானொலியில் ஒலிபரப்பான பேச்சு)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு கோசைப் பற்றி. நம்ம சந்தைக்கு உருண்டையாகக் கல்லு மாதிரி இறுகி வருகிற முட்டைக்கோஸ் இல்லை. இது சீனக் கோஸ். நீள்வாட்டில் வளரும். இலை வெளிர்பச்சை. நடு நரம்பு வெள்ளையாக, அகலமாக, சாறு நிறைந்து இருக்கும். கடித்தால் நறுக்கென்று உடையும். குளிர்ச்சியான இடத்துப் பயிர். நம் நீலகிரியிலும் இதைப் பயிரிடுகிறார்கள்.

இதை எப்படிச் சாப்பிடுகிறார்கள்? பொடியாக அரிந்து, உப்புப் பிசறி, கொஞ்சம் புளிப்பும் எண்ணெயும் சேர்த்து, அடுப்பிலே ஏற்றாமல் பச்சையாகவே சாப்பிடுவது ஒரு வழி. சாலட் என்று சொல்கிறார்கள். நாம் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் அரிந்து தயிரில் போட்டுப் பச்சடி பண்ணுகிறோமே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'இதுக்கு ஒரு சரித்திரமா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. கோசைப் பச்சையாகத் தின்னலாமா, கூடாதா என்கிற கேள்விக்குப் பதில் சமையல்கட்டில் கிடைக்கவில்லை. வயலிலே போட்ட எருவில்தான் கிடைத்தது. அந்தப் பதிலைத் தேடுவதற்குள் ஜப்பானிலும் கொரியாவிலும் லட்சக்கணக்கான குழந்தைகளின் வயிறு பூச்சியால் வீங்கிப் போயிற்று. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். நமக்கும் அதில் பாடம் இருக்கிறது.

பனியைத் தாங்கிய கீரை

முதலில் செடியின் உறவுமுறையைச் சொல்லிவிடுகிறேன். முட்டைக்கோசுக்குப் பூர்வீகம் ஐரோப்பா. சீனக் கோஸ் வேறு இனம். டர்னிப் கிழங்கின் கூடப் பிறந்தது. பூவைப் பார்த்தால் தெரியும். நாலு இதழ், மஞ்சள் நிறம், அப்படியே கடுகுப் பூ. எல்லாம் கடுகுக் குடும்பம்தான்.

சீனக் கோசிலும் இரண்டு வகை. தண்டு தடித்து, இலை விரிந்து நிற்பது தெற்குச் சீனத்து வகை. பாக் சோய் என்பார்கள். இலைகள் ஒன்றன்மேல் ஒன்று மூடி, குருத்தைப் பொத்திக்கொண்டு வளருவது வடக்குச் சீனத்து வகை. நான் பெரும்பாலும் பேசப்போவது இந்த மூடின கோசைப் பற்றி.

இந்தக் கீரைக்குச் சீனர்கள் பழங்காலத்தில் வைத்த பெயரிலே ஒரு சேதி இருக்கிறது. பைன் மரம் என்று எழுதுகிற எழுத்தின் தலையில் புல்லைக் குறிக்கும் குறியைப் போட்டால் இந்தக் கீரையின் பெயர் வந்துவிடும். மற்ற செடியெல்லாம் பனியில் கருகும்போது பைன் மரம் பச்சையாக நிற்கும். இந்தக் கீரையும் அப்படியே நிற்கும், அதனால் இந்தப் பெயர் என்று 16-ஆம் நூற்றாண்டில் பெரிய மூலிகை நூல் எழுதிய லீ ஷிஜென் என்ற வைத்தியர் விளக்கம் சொல்லியிருக்கிறார்.

வடக்குச் சீனத்தில் இலையுதிர்கால முடிவில் அறுவடை செய்த கோசைக் குழியிலோ கொட்டகையிலோ அடுக்கி வைத்துக் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுவார்கள். பீகிங் நகரத்தில் 1980-கள் வரைக்கும் ஒவ்வொரு குடும்பமும் வண்டி வண்டியாக வாங்கி, வாசலிலும் மாடிப்படியிலும் அடுக்கி, பழைய போர்வையைப் போட்டு மூடி வைக்கும். வேறு பச்சைக் காய் கிடைக்காத காலம் அது.

எப்படிச் சாப்பிட்டார்கள்? பெரும்பாலும் வேக வைத்து. இல்லாவிட்டால் உப்பில் ஊற வைத்துப் புளிக்க விட்டு. பச்சையாகச் சாப்பிடுவதும் உண்டு. ஆனால் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். வெளி இலையெல்லாம் உரித்துக் குழம்புக்குப் போய்விடும். நடுவிலே மூடிக் கிடக்கிற மஞ்சள் குருத்தை மட்டும் எடுத்து, மெல்லிசாக அரிந்து, காடி, சர்க்கரை, எள்ளெண்ணெய் விட்டுப் பிசறுவார்கள். மண்ணும் எருவும் படாத இடம் அந்தக் குருத்துதான் என்பதைக் கவனியுங்கள்.

எருவுக்கு ஏலம்

அந்த எரு என்ன எரு? மனித மலம். இதைச் சொல்ல நாம் கூச்சப்பட வேண்டியதில்லை; அவர்கள் கூச்சப்படவில்லை. சீனா, கொரியா, ஜப்பான் மூன்று நாட்டிலும் நிலம் கொஞ்சம், ஜனம் அதிகம், ஆடு மாடு குறைவு. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்காவிட்டால் அடுத்த விளைச்சல் இல்லை.

எஃப்.எச். கிங் என்ற அமெரிக்க மண்ணியல் அறிஞர் 1909-இல் இந்த மூன்று நாட்டையும் சுற்றிப் பார்த்தார். அவர் எழுதிய புத்தகம், அவர் காலமான பிறகு 1911-இல் வெளிவந்தது. 'நாற்பது நூற்றாண்டுகளின் விவசாயிகள்' என்று அதற்குப் பெயர். அதில் ஒரு கணக்குக் கொடுக்கிறார். ஷாங்காய் நகரத்தில் வெளிநாட்டார் வசித்த பகுதியில் 1908-இல் மலம் அள்ளுகிற உரிமையை ஒரு சீனக் காண்டிராக்டர் 31,000 டாலர் கொடுத்து எடுத்தாராம். அந்த வருஷம் அவர் அள்ளிக்கொண்டு போனது 78,000 டன். நம் ஊர்களில் நகராட்சி காசு கொடுத்து அப்புறப்படுத்தச் சொன்ன பொருளை, அங்கே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்! ஜப்பானில் அதே 1908-இல் வயலுக்குப் போனது 2 கோடியே 38 லட்சம் டன் என்றும் எழுதுகிறார்.

கிங் இதைப் பார்த்து மலைத்துப் போனார். அமெரிக்கா தன் மண்ணின் சத்தையெல்லாம் சாக்கடை வழியாகக் கடலில் கொட்டுகிறது, இவர்களோ ஒரு கைப்பிடியைக்கூட வீணாக்குவதில்லை என்று பாராட்டினார். பாராட்டு நியாயமானதுதான். ஆனால் அந்த எருவோடு கூடவே வேறொன்றும் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்று கோஸ் கடல் தாண்டின கதை

ஜப்பானில் மூடின கோஸ் ரொம்ப நாள் கிடையாது. 1875-இல் தோக்கியோவில் நடந்த பொருட்காட்சிக்குச் சீன அரசாங்கம் ஷான்டோங் மாகாணத்துக் கோஸ் மூன்றை அனுப்பிவைத்தது. காட்சி முடிந்ததும் இரண்டு கோசை ஐச்சி என்ற மாவட்டத்து நாற்றங்காலுக்குக் கொடுத்தார்கள். விதை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ந்தது, ஆனால் மூட மாட்டேன் என்றது. இலையெல்லாம் விரித்துக்கொண்டு நின்றது.

காரணம் என்னவென்று விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேனீ. பக்கத்து வயலில் டர்னிப் பூத்திருக்கும். ஒரே இனமாக இருப்பதால் தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அடுத்த தலைமுறை கலப்படமாகிவிடும். அப்பன் ஒரு சாதி, பிள்ளை ஒரு சாதி.

பிறகு 1894-95-இல் சீனப் போரும், 1904-05-இல் ருஷ்யப் போரும் வந்தன. சீனத்துக்குப் போன ஜப்பானியச் சிப்பாய்கள், பெரும்பாலும் கிராமத்துப் பையன்கள், அங்கே இந்தக் கோசைச் சாப்பிட்டு ருசி கண்டார்கள். ஊர் திரும்பும்போது விதையும் கூடவே வந்தது. ஆனாலும் தேனீப் பிரச்சினை தீரவில்லை. அதற்கு ஒரு வழி, வடகிழக்கு ஜப்பானில் மட்சுஷிமா விரிகுடாவில் கிடைத்தது. அங்கே சின்னச் சின்னத் தீவுகள் உண்டு. கரையிலுள்ள டர்னிப் பூவுக்குப் போன தேனீ கடலைத் தாண்டி வராது. 1920-களில் அந்தத் தீவுகளில் விதைக்கென்று தனியாகக் கோஸ் வளர்த்துச் சுத்த விதை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஜப்பான் முழுக்க இந்தக் கோஸ் பரவியது. விதைக்கு விலகு தூரம் வேண்டும் என்று வேளாண்மைத் துறையில் சொல்கிறோமே, அதைக் கடலை வைத்தே சாதித்தார்கள்.

ஜப்பானியரும் இதைச் சமைத்தார்கள். அல்லது லேசாக உப்புப் போட்டு ஒரு நாள், இரண்டு நாள் ஊற வைத்துச் சாப்பிட்டார்கள். உப்புப் போட்டால் சுத்தமாகிவிடும் என்று நம்பினார்கள். தப்பு அங்கேதான் இருந்தது.

விழுங்கிப் பார்த்த வைத்தியர்

உருண்டைப் புழு என்று ஒன்று இருக்கிறது. நாக்குப்பூச்சி என்றும் சொல்வார்கள். மண்புழு மாதிரி நீளமாக, வெளிறின நிறத்தில், குழந்தைகளின் வயிற்றிலிருந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பெண் புழு ஒன்று ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டை போடும். முட்டை கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தை வரிசையாக வைக்கலாம். மலத்தோடு வெளியே வந்து, ஈரமண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால் உள்ளே குஞ்சுப் புழு தயாராகிவிடும். யாராவது விழுங்க வேண்டியதுதான் பாக்கி.

விழுங்கின பிறகு என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஷிமேசு கொய்னோ என்ற ஜப்பானிய வைத்தியர் 1922-இல் ஒரு காரியம் செய்தார். அவரே 2,000 முட்டையை எண்ணி விழுங்கினார்! சில நாளில் காய்ச்சல் வந்தது, இருமல் வந்தது, மூச்சு வாங்கியது. சளியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதில் குஞ்சுப் புழு நெளிந்தது. புழு குடலிலேயே தங்குவதில்லை, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக மறுபடி குடலுக்கு இறங்குகிறது என்பது மனித உடம்பிலேயே நிரூபணமாயிற்று. கடைசியில் மருந்து சாப்பிட்டபோது 600-க்கும் மேற்பட்ட புழுக்கள் வெளியே வந்தன.

இந்த முட்டையின் ஓடு கெட்டியானது. மேலே பிசின் மாதிரி ஒட்டும். கோசிலையின் சுருக்கத்தில் ஒட்டிக்கொண்டால் ஒரு அலசலில் போகாது. உப்பிலே சாகாது. காடியிலே சாகாது. ஊறுகாய் போட்டாலும் சாகாது. மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அது முக்கியமாகப் பயப்படுவது சூட்டுக்கு. அதனால்தான் சமைத்துச் சாப்பிட்ட கோஸ் யாரையும் கெடுக்கவில்லை. பச்சையாகவும் அரை உப்பிலும் தின்ற கோஸ்தான் புழுவை வீட்டுக்குள் கொண்டுவந்தது.

சீன, ஜப்பானிய விவசாயி எரு போட்டது தப்பில்லை. பச்சை எருவைப் போட்டதுதான் தப்பு. ஜப்பானிய அரசாங்கமும் இதைப் புரிந்துகொண்டது. 1920-களின் பிற்பகுதியில் பல அறைகள் கொண்ட கழிப்பிடத் தொட்டி ஒன்றை வடிவமைத்துக் காட்டினார்கள். மலம் ஒவ்வொரு அறையாக மெதுவாக நகர்ந்து, ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துத்தான் கடைசி அறைக்கு வரும். அதற்குள் பூச்சி முட்டையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் செத்துவிடும் என்பது ஏற்பாடு. நல்ல யோசனை. ஆனால் கட்டக் காசு வேண்டுமே! பரவவில்லை. பிறகு யுத்தம் வந்துவிட்டது.

சிப்பாய் கேட்ட சாலட்

1945-இல் ஜப்பான் தோற்றது. அமெரிக்கப் படை வந்து இறங்கியது. அமெரிக்கச் சிப்பாய்க்குச் சாப்பாட்டில் பச்சைக் கீரை, தக்காளி, வெள்ளரி வேண்டும். ஆனால் ராணுவ டாக்டர்கள், 'உள்ளூர்க் காயைப் பச்சையாகத் தொடாதே' என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். என்ன செய்தார்கள்? 1946-இல் தோக்கியோ பக்கத்தில் சோஃபு என்ற இடத்தில் 55 ஏக்கரில் மண்ணில்லாப் பண்ணை ஒன்றை அமைத்தார்கள். சரளைக்கல் நிரப்பிய தொட்டியில் செடி. உரம் கரைத்த தண்ணீர் பாய்ச்சல். மலமும் இல்லை, மண்ணும் இல்லை. க்யோத்தோ பக்கம் ஓட்சுவிலும் இப்படி ஒன்று.

ஒரு தட்டு சாலட்டுக்காக மண்ணையே விலக்க வேண்டியிருந்தது என்றால் அன்றைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். 1949-இல் ஜப்பானில் நூறு பேரைச் சோதித்தால் அறுபது பேருக்கு மேல் உருண்டைப் புழு இருந்தது.

அந்தப் பண்ணையை ஜப்பானியரும் பார்த்தார்கள். 1950-களில் அரசாங்கமே 'சுத்தக் காய்கறி' என்று ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. மலம் போடாமல் விளைந்த காய்க்குத் தனிப் பெயர், தனிக் கிராக்கி. ரசாயன உரம் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சோதனை, மருந்து. ஊருக்கு ஊர் சங்கம் வைத்துப் பூச்சியை விரட்டினார்கள். இருபது, இருபத்தைந்து வருஷத்தில் உருண்டைப் புழு அபூர்வமாகிவிட்டது. ஜப்பானியர் வீட்டில் பச்சைச் சாலட் தினசரிச் சாப்பாடாக நுழைந்தது அதற்குப் பிறகுதான்.

கிணறு வெட்டிய விஞ்ஞானி

இனிக் கொரியாவுக்கு வருவோம். அங்கே கோஸ் இல்லாமல் சாப்பாடே இல்லை. கிம்ச்சி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மிளகாய்ப் பொடி, பூண்டு, உப்பு மீன் சாறு சேர்த்துப் புளிக்க வைத்த கோஸ். புளிக்க விடாமல் அப்போதைக்கப்போது பிசறிச் சாப்பிடுவதற்குக் 'கொத்ஜொரி' என்று பெயர். கொரியாவின் பச்சைக் கோஸ் சாலட் அதுதான்.

அந்தக் கோசுக்கு நல்ல விதை கொடுத்தவர் ஊ ஜாங்-சுன். தகப்பனார் கொரியர், தாயார் ஜப்பானியர். 1898-இல் ஜப்பானில் பிறந்து, அங்கேயே படித்து, 1935-இல் ஒரு பெரிய உண்மையை நிறுவினார். கடுகுக் குடும்பத்தில் இரண்டு இனங்கள் தானாகக் கலந்து மூன்றாவது இனம் பிறந்திருக்கிறது என்று குரோமோசோம் கணக்குப் போட்டுக் காட்டினார். நம் வீட்டில் தாளிக்கிற கடுகு இருக்கிறதே, அதுகூடச் சீனக் கோசின் இனமும் கருங்கடுகு இனமும் கலந்து வந்ததுதான். ஆக, சீனக் கோஸ் நமக்கு அப்படி ஒன்றும் அந்நியமில்லை. அஞ்சறைப்பெட்டியிலேயே அதற்குச் சொந்தக்காரன் இருக்கிறான்.

1950-இல் கொரியா அவரை அழைத்தது. விதைக்கு ஜப்பானையே நம்பியிருந்த நாடு அது; ஜப்பானியர் போனதும் விதை இல்லாமல் தவித்தது. அவர் மனைவி மக்களை ஜப்பானிலேயே விட்டுவிட்டுப் பூசான் பக்கத்தில் தோங்னே என்ற இடத்தில் இருந்து வேலை செய்தார். கோசுக்கும் முள்ளங்கிக்கும் நல்ல ரகம், நல்ல விதை உண்டாக்கினார். 1953-இல் ஜப்பானில் தாயார் இறந்தபோது போய்வர அனுமதி கிடைக்கவில்லை. துக்கம் கேட்டு வந்தவர்கள் கொடுத்த பணத்தைச் சேர்த்து, தண்ணீர்க் கஷ்டம் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் கிணறு வெட்டினார். 1959-இல் காலமானார்.

விதை நன்றாகிவிட்டது. எரு பழையபடியே இருந்தது. 1963-இல் ஜோன்ஜு என்ற ஊரில் ஒன்பது வயதுப் பெண்குழந்தை ஒன்றை வயிற்றுவலியோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். பால் கிரேன் என்ற அமெரிக்க டாக்டர் அறுவை செய்தார். குடலை அடைத்துக்கொண்டு கிடந்த புழுக்களை எடுத்து எண்ணினார்கள். 1,063. குழந்தை பிழைக்கவில்லை.

அந்தச் செய்தி கொரியாவை உலுக்கியது. அடுத்த வருஷமே பூச்சி ஒழிப்புச் சங்கம் தோன்றியது. 1966-இல் சட்டம் வந்தது. 1969-லிருந்து பள்ளிப் பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு தடவை சின்னப் பையில் மலம் கொண்டுவந்து வாத்தியாரிடம் கொடுக்க வேண்டும். புழு இருந்தால் வகுப்பிலேயே மாத்திரை. கூச்சமாகத்தான் இருந்திருக்கும், ஆனால் காரியம் நடந்தது. 1971-இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் நூற்றுக்கு 84 பேர் வயிற்றில் ஏதாவது ஒரு புழு. 1981-இல் 41. 1986-இல் 13. 1997-இல் 2 சொச்சம்தான்.

மருந்து மட்டுமா காரணம்? இல்லை. மருந்து புழுவைக் கொல்லும். பச்சை எருவில் முட்டை வந்துகொண்டே இருந்தால் மறுபடி புழு வரும். 1961-இல் சுங்ஜு என்ற இடத்தில் உர ஆலை கட்டி முடித்தார்கள். உரம் சொந்த நாட்டிலேயே கிடைத்தது. கழிப்பிடம் மாறியது. வயலுக்குப் பச்சை மலம் போவது நின்றது. மாத்திரையும் எருவும் சேர்ந்து மாறினபிறகுதான் அந்தக் கணக்கு இறங்கியது.

2012-இல் ஒரு எச்சரிக்கை

புழு போய்விட்டது, இனிப் பயமில்லை என்று இருந்துவிடலாமா? கூடாது என்று சொல்கிறது ஜப்பானில் நடந்த இன்னொரு சம்பவம். 2012 ஆகஸ்டில் சாப்போரோ நகரத்தில், லேசாக உப்புப் போட்ட சீனக் கோசைச் சாப்பிட்ட 169 பேர் நோயில் விழுந்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியோர் இல்லத்துப் பெரியவர்கள், கூட ஒரு சின்னக் குழந்தை. இந்தத் தடவை புழு இல்லை; ஓ157 என்கிற குடல் கிருமி. அது மாட்டுக் குடலில் மாட்டுக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காமல் குடியிருக்கிற கிருமி. மாட்டுச்சாணம், அசுத்தத் தண்ணீர், கழுவாத கை, கழுவாத பாத்திரம் எது வழியாகவும் இலைக்கு வரும்.

அதே வருஷம் ஜப்பான் அரசாங்கம் விதியைத் திருத்தியது. லேசாக உப்புப் போட்டு விற்கிற கோசுக்கு, ஒன்று, குளோரின் கலந்த தண்ணீரில் கணக்காக ஊற வைத்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் 75 டிகிரிச் சூட்டில் ஒரு நிமிஷம் காட்ட வேண்டும் என்றது அந்த விதி.

நாம் என்ன செய்யலாம்

நம் நாட்டிலும் 2015-லிருந்து பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள். அது பாதி வேலை. மீதி வேலை வயலில் இருக்கிறது. கோஸ், கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி, வெள்ளரி, கேரட் என்று பச்சையாகத் தின்கிற எதை விளைவித்தாலும் இந்த நாலைந்து விஷயத்தை மனசில் வையுங்கள்.

ஒன்று, செப்டிக் டேங்க் லாரிக்காரர் வந்து, 'நல்ல உரம், சும்மாவே கொட்டிட்டுப் போறேன்' என்று சொன்னால் காய்கறி வயலில் விடாதீர்கள். சும்மா வருகிற அந்த உரத்துக்கு விலையை உங்கள் பேரப்பிள்ளை கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டு, சாணத்தைப் பச்சையாகப் போடாதீர்கள். குப்பைக்குழியில் போட்டு, ஈரம் காட்டி, புரட்டி விட்டு மக்க வையுங்கள். நன்றாக வேகிற குழிக்குள் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் கையில் பிடிக்க முடியாது. 55 டிகிரிக்கு மேலே அந்தச் சூடு சில நாள் நின்றால் புழு முட்டை சாகும். ஓரத்தில் கிடப்பது வேகாது. அதனால்தான் புரட்டச் சொல்கிறோம்.

மூன்று, பச்சைச் சாணம் போட்டேதான் ஆக வேண்டும் என்றால் முந்தின பயிருக்குப் போடுங்கள். அமெரிக்காவில் இயற்கை விவசாயத்துக்கு என்று இருக்கிற விதியில், மண்ணைத் தொட்டு விளைகிற காய்க்குப் பச்சைச் சாணம் போட்டால் அறுவடைக்கு முன்னால் 120 நாள் கழிய வேண்டும். சீனக் கோஸ் இரண்டு, இரண்டரை மாதப் பயிர். ஆகவே அந்தப் பயிருக்கென்று போடவே முடியாது என்றுதான் அர்த்தம்.

நான்கு, அறுத்த காயைச் சாக்கடை கலந்த வாய்க்காலில் அலசி மூட்டை கட்டாதீர்கள். பளபளப்பு வரும், கூடவே கிருமியும் வரும். கிணற்றுத் தண்ணீரில் அலசுங்கள்.

ஐந்து, அறுக்கிற கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வயலிலே கூலிக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வையுங்கள்.

இனித் தாய்மார்களுக்கு

சீனக் கோஸ் கிடைத்தால் சாலட் பண்ணிப் பாருங்கள். வெளி இலை நாலைந்தை உரித்துப் பொரியலுக்கு வையுங்கள். மீதியை அடியை வெட்டி, இலை இலையாகப் பிரியுங்கள். முழுசாக வைத்துக் கழுவினால் நடுவில் தண்ணீர் போகாது. குடிக்கிற தண்ணீரில் ஒவ்வொரு இலையையும் இரண்டு பக்கமும் தேய்த்து, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் இலைப்புழு வெளியே வரும், சரி. ஆனால் கிருமியும் முட்டையும் அதில் சாகாது, அதை நம்பி இருக்காதீர்கள்.

கழுவிய இலையை நீளவாட்டில் மெல்லிசாக அரிந்து, உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். நீர் விட்டுத் துவளும். பிழிந்து எடுங்கள். ஒரு பல் பூண்டு தட்டிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு சிட்டிகை சர்க்கரை, காரம் வேண்டுமானால் மிளகாய்ப் பொடி சேருங்கள். கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய். சீனத்திலும் கொரியாவிலும் எள்ளை வறுத்து எண்ணெய் எடுப்பார்கள்; அந்த வாசனைக்கு, நம் நல்லெண்ணெயோடு வறுத்த எள்ளைப் பொடித்துத் தூவினால் போதும். வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டால் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும். பண்ணின உடனே சாப்பிட்டுவிட வேண்டும். இரவுக்கு எடுத்து வைக்கக் கூடாது.

கோஸ் எந்த வயலில் இருந்து வந்தது என்று தெரியவில்லையா? சந்தேகம் இருக்கிறதா? அப்படியென்றால் அரிந்ததைக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிஷம் போட்டு எடுத்து, ஆற வைத்துப் பிழிந்து, அதே மாதிரி பிசறுங்கள். நறுக்கென்ற கடி கொஞ்சம் குறையும். அவ்வளவுதான். கைக்குழந்தைக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கும், வயசானவர்களுக்கும் எப்போதும் இப்படியே கொடுங்கள்.

உங்கள் சொந்தக் கொல்லையில், நீங்களே மக்க வைத்த எருவில், கிணற்றுத் தண்ணீரில் விளைந்த கோசாக இருந்தால், நன்றாகக் கழுவிப் பச்சையாகச் சாப்பிடுங்கள். அப்படி விளைந்த கோசைச் சந்தைக்குக் கொண்டுபோகும்போது, என்ன எருப் போட்டு விளைவித்தது என்று வாங்குகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜப்பானில் 'சுத்தக் காய்கறி' என்று சொல்லித்தான் விற்றார்கள். அதற்கு நல்ல விலையும் கிடைத்தது. நம் விவசாயிக்கும் கிடைக்கட்டும்.